இறுக்கி வைத்த திருகு

ஆளுக்கொரு வியாதி. ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்கு மூட்டுவலி. அத்தானுக்கு, கண்ணில் படுகிற எது தளர்ந்திருந்தாலும் இறுக்கியாக வேண்டும். அவர் மூடிய மருந்து பாட்டிலை வீட்டில் வேறு யாரும் திறக்க முடியாது. அவர் அடைத்த குழாயைத் திறந்தால் கைப்பிடி தனியாகக் கையோடு வரும். சரி, குழாய் போனால் போகட்டும், வேறு குழாய் வாங்கிக்கொள்ளலாம். அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா இந்த மனுஷர்?

இவ்வளவும் மனதுக்குள் ஓடியதே தவிர, அவள் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு "ம்". கையில் டார்ச்சுடன், மூக்கு ஒலிநாடா மெஷினில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, டேப் ஓடும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றிருந்த அத்தான் அவளுக்கு மூத்தார், அதாவது கணவனின் அண்ணன், இந்த நிறுவனத்தின் முதலாளி. அந்த "ம்" தனக்குக் கிடைத்த பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

"திருகெல்லாம் ஆடிட்டு இருந்துச்சும்மா. அடியில ஸ்பிரிங் வேற துருத்திட்டு நின்னுது. இத்தனை வருஷமா இதைக் கவனிக்காமயா ஓட்டிட்டு இருந்தே? நல்லா இறுக்கிட்டேன். நீ மேல ஒரு சொட்டு வைப்பியே, அதையும் மறக்காம வச்சுட்டேன்."

மறக்கவில்லைதான். அவள் வைப்பது நிறமில்லாத நகப்பூச்சில் ஊசிமுனை அளவு. சரிபார்த்த திருகு அதிர்வில் நகராமலிருக்க. இவர் வைத்திருந்தது தன் மனைவியின் ரத்தச் சிவப்பு. திருகின் தலை முழுக்க மூடி, பக்கத்தில் வழிந்து, காய்ந்திருந்தது. தப்பைச் செய்ததோடு விடாமல் அதற்கு அரக்கு முத்திரையும் வைத்த பெருமை இந்த நாட்டில் வேறு யாருக்கு இருக்கும்?

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், மூன்று அறைகள். முன்னறையில் மூத்தாரும் அவர் மனைவியான ஓரகத்தியும் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்பார்கள். உள்ளறையில் அவள் கணவன், இரண்டு கம்ப்யூட்டர் திரைகளுக்கு முன்னால், உலகத்துக்கு முதுகைக் காட்டியபடி. நடு அறை அவளுடையது. பழைய ஒலிநாடாக்களை ஓடவிட்டு அவற்றின் ஒலியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவது குடும்பத் தொழில். குடும்பத் தொழில் என்றால், வேலையைத் தெரிந்தவர் ஒருவர், தெரிந்ததுபோல் பேசுகிறவர் ஒருவர், கணக்கு எழுதுகிறவர் ஒருவர், வாய் திறக்காதவர் ஒருவர். நாலு பேரும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருப்பதால் அலுவலகத்துச் சண்டையை வீட்டுக்கும் வீட்டுச் சண்டையை அலுவலகத்துக்கும் சுமந்து போகப் போக்குவரத்துச் செலவுகூடக் கிடையாது.

மூன்று வாரம் முன்னால் அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் அம்மாவின் கட்டிலடியில் கிடந்தாள். தினமும் சாயங்காலம் கணவனுக்குப் போன் செய்து டெஸ்ட் டேப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்பாள். "எல்லாம் ஓடுது" என்பான். ஓடுவதில் சந்தேகமே இல்லை. கீழே விழுந்து உருள்கிற பானையும் ஓடத்தான் செய்கிறது.

டேப் மெஷினில் ஹெட் என்பது கட்டைவிரல் நகம் அளவு உலோகம். டேப்பைத் தொட்டு, அதிலுள்ள ஒலியைப் படிப்பது அதுதான். அதன் முகத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் டேப்புக்கு நேர்செங்குத்தாக நிற்க வேண்டும். மயிரிழை சாய்ந்தால் போதும். தடித்த சத்தங்களுக்கு ஒன்றும் ஆகாது. மேடைப்பேச்சு, மாட்டு வண்டி, மூத்தார் எல்லாம் பத்திரமாக வந்துவிடும். மெல்லிய உச்சக் குரல்கள்தான் முதலில் மங்கும், பிறகு காணாமல் போகும். அதனால்தான் அந்தத் திருகு ஸ்பிரிங்மேல் மிதந்து நிற்கிறது. அது மாட்டுவதற்கான திருகு அல்ல, மெல்லத் திருப்பி நேர் பார்ப்பதற்கான திருகு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாவது ஊதத் தெரிந்துதான் ஊதியிருப்பான்.

அந்தப் பத்தொன்பது நாளில் ஓடியவை மாட்டு வண்டிகளாக இருந்திருந்தால் அவளும் பேசாமல் இருந்திருப்பாள். ஓடியவை பறவைகள். ஒரு மியூசியத்தின் சேகரம். முப்பது வருஷம் காடு, கழனி, சதுப்பு என்று அலைந்து ஒரே மனிதர் பதிவு செய்த முந்நூற்றுச் சொச்சம் ரீல்கள். அவற்றில் நூற்றுப் பதினாறு, திருகு இறுகிய பிறகு மாற்றப்பட்டவை.

மியூசியத்துக்கு இடநெருக்கடி. மாற்றிய ஒலியும் அதற்கான தினத் தாளும் வந்து சேர்ந்ததும், ரீல்களைக் காந்தப் பெட்டியில் போட்டு அழித்துப் பழைய பிளாஸ்டிக்காகத் தள்ளிவிடுவார்கள். தாள் இல்லாத ரீலை அழிக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. ஒவ்வொரு நாளும் முதல் ரீல் ஏறுமுன் மெஷினைத் துடைத்தார்களா, காந்தம் நீக்கினார்களா, அளவான மூன்று சுருதிகள் பதிந்த டெஸ்ட் டேப்புக்கு மெஷினின் முள் எங்கே நின்றது என்று எழுதி, மெஷின் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட தாள் அது. ஒப்பந்தத்தில் பொறுப்பாளர் என்று இருப்பது அவள் பெயர். வெள்ளிக்கிழமை காலை மியூசியத்து வண்டி வருகிறது. அவள் திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்த நாள் செவ்வாய்.

மூத்தார் முன்னறைக்குப் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, அவள் வேலையைத் தொடங்கினாள்.

வளையல், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டாள். மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் கொஞ்ச நேரம் பதுங்கியிருக்கும். கோபித்துக்கொண்டு படுத்த மனுஷனைப்போல, செத்தது என்று நினைத்துத் தொட்டால் உதைக்கும். அது இறங்குகிற வரை சிவப்புப் பூச்சைக் கரைப்பதில் நேரம் போனது. பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, டேப் தொடுகிற ஒவ்வொரு இடத்தையும் துடைத்தாள். ஏழு குச்சிகள் காப்பிப் பொடி நிறத்தில் வெளியே வந்தன. பத்தொன்பது நாளில் அந்த ஹெட்டை யாரும் ஸ்பிரிட்டால் விசாரிக்கவில்லை. திருகைத் தன் வாழ்நாளின் சாதனையாக இறுக்கிய கைக்கு, ஒரு பஞ்சுக்குச்சி தூக்க வலுவில்லாமல் போயிருக்கிறது.

ரீல்கள் அத்தனையும், தன் டெஸ்ட் டேப்பும், அறையின் மறுகோடிக்குப் போயின. பிறகு காந்தம் நீக்குகிற கருவி. அதை மெஷினிலிருந்து கைநீளம் தள்ளி நின்று போட வேண்டும். பூனையை நெருங்குவதுபோல மெல்லக் கொண்டுபோய், ஹெட்டைத் தொடாமல் தடவி, வந்ததைவிட மெதுவாகப் பின்வாங்கி, மறுபடி தள்ளி நின்றுதான் அணைக்க வேண்டும். பக்கத்தில் வைத்தே படக்கென்று அணைத்தால் காந்தம் நீங்காது, ஏறிக்கொள்ளும். அதற்கப்புறம் அந்த ஹெட்டில் ஓடுகிற ஒவ்வொரு டேப்பையும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். நெருங்குவதைவிட விலகுவதில்தான் பக்குவம் வேண்டும். இதைக் கல்யாணத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் மின்சாரம். பதிவுப் பொத்தான் கைதவறியும் அழுந்தாதபடி பூட்டினாள். டெஸ்ட் டேப்பை ஏற்றினாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். திறந்த மெஷினில் மின்சாரம் ஓடும்போது ஒரு கைதான் உள்ளே போக வேண்டும். இரண்டும் போனால் வந்த வழி ஒன்று, போகிற வழி ஒன்று, நடுவில் நெஞ்சு. ஓரகத்தி ஒருதடவை இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, "மெஷினுக்குக் குடுக்கிற மரியாதையில பாதி பெரியவங்களுக்குக் குடுத்தா வீடு எங்கேயோ போயிருக்கும்" என்றாள். மெஷின் அவமரியாதையை அங்கேயே அப்போதே தீர்த்துக்கொள்ளும் அக்கா, வருஷக்கணக்கில் மனதில் வைத்துக்கொள்ளாது என்று அவள் சொல்லவில்லை. நினைத்ததோடு சரி. அவள் வாழ்க்கையில் அருமையான பதில்கள் எல்லாம் இப்படித்தான், யாரும் கேட்காத அலைவரிசையில் ஒலிபரப்பாகி முடிந்தன.

தாழ்ந்த சுருதிக்கு முள் நிமிர்ந்து நின்றது. நடுச் சுருதிக்குக் கொஞ்சம் சாய்ந்தது. உச்ச சுருதி வந்ததும் மயக்கம் போட்டாற்போல் படுத்துவிட்டது.

பிளாஸ்டிக் முனைத் திருப்புளியை எடுத்தாள். இரும்புத் திருப்புளி ஹெட்டுக்குப் பகை. திருகு இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டாள். தவறான இடமாக இருந்தாலும், கிளம்பிய இடம் தெரியாமல் நகரக் கூடாது. நடுச் சுருதியில் முதலில் சரிபார்த்து, பிறகுதான் உச்சத்துக்குப் போக வேண்டும். நேராக உச்சத்தில் தொடங்கினால் வழியில் பொய் உச்சி ஒன்று வரும். முள் அங்கே ஏறி நிற்கும், இனி மேலே போக இடமில்லை என்று சத்தியம் செய்யும், திருப்புகிறவரும் திருப்தியோடு நிறுத்திவிடுவார். உண்மையான உச்சி இன்னும் கால் சுற்று தள்ளி இருக்கும். பொய் உச்சியில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அது பொய் என்று சாகிற வரை தெரிவதில்லை. அவர்களுக்கு விசிட்டிங் கார்டுகூட இருக்கிறது.

முக்கால் மணி நேரத்தில் முள் மூன்று சுருதிக்கும் நேராக நின்றது. சோதனைக்காக 207ஆம் எண் ரீலை எடுத்தாள். பெட்டி அட்டையில் பறவைக்காரரின் பொடி எழுத்து: "விடிகாலை. முள்புதர். குருவிகள் மூன்று. ஒன்று கோபமாக இருக்கிறது."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ஒன்று நிதானமாக விட்டுவிட்டுக் கூவியது. இன்னொன்று தூரத்தில் பதில் சொன்னது. இரண்டுக்கும் மேலே, கண்ணாடியில் ஊசியால் கீறுவதுபோல ஒன்று, மூச்சுவிடாமல், நியாயம் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன வழக்கோ. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பத்து நாள் முன்னால் மாற்றப்பட்ட அதே ரீலின் கோப்பைத் திறந்து கேட்டாள். முள்புதரில் இரண்டே குருவிகள். சொல்லப்போனால் வெகு அமைதியான குடும்பம்.

உள்ளறைக்குப் போனாள். கணவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒலியைப் படமாகக் காட்டுகிற திரை அது. கீழே தடித்த குரல்கள், மேலே மெல்லியவை. 207ஐத் திறக்கச் சொன்னாள். திறந்தான். மேல்பாதி, துடைத்துவிட்ட சிலேட்டுபோல் கருப்பாக இருந்தது. அடுத்த கோப்பு, அதற்கடுத்தது, எல்லாம் அதே இடத்தில் கத்தரித்தாற்போல். பத்தொன்பது நாளாக, தினம் எட்டு மணி நேரம், அவன் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி அந்தக் கருப்பு இருந்திருக்கிறது.

"பாத்தீங்கதானே?" என்றாள்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் கண்ணாடி துடைப்பான். அந்தக் கண்ணாடி இந்த வட்டாரத்திலேயே சுத்தமானது.

"பாத்தேன். லேசா ஏத்திவிட்டேன்."

"இல்லாததை எப்படி ஏத்துவீங்க?"

"இரைச்சல்தான் ஏறுச்சு. அப்புறம் விட்டுட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அண்ணன்கிட்ட யாரு சொல்றது?" என்றான்.

இந்தக் கேள்விக்குப் பதினான்கு வருஷமாக ஒரே பதில்தான் இருந்து வந்திருக்கிறது. அவள்தான் சொல்வாள், பிறகு வாயாடி என்று அவள்தான் பெயர் வாங்குவாள், இவன் மத்தியஸ்தம் பண்ணி இரண்டு தரப்பிலும் நல்லவன் ஆவான். அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கோபத்துக்குப் பதிலாக, மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று கால் வைத்து, இல்லாமல் போகிறபோது வருமே, அந்தத் தடுமாற்றம். தெரியாமல் செய்தவர் முன்னறையில் இருக்கிறார். தெரிந்தும் பேசாமல் இருந்தவர் இங்கே இருக்கிறார். இருவரில் யார் பக்கத்தில் ராத்திரி படுப்பது நல்லது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

மூத்தாரிடம் அவளே சொன்னாள். கூடுமானவரை மெதுவாக, கூடுமானவரை பணிவாக, தவறு திருகின்மேல்தான் என்று படும்படியாக. நூற்றுப் பதினாறு ரீல்களையும் மறுபடி ஓட்ட வேண்டும், மியூசியத்திடம் மூன்று வாரம் அவகாசம் கேட்கலாம் என்றாள். அவர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். பிறகு ஸ்பீக்கரில் 207இன் கோப்பையும் ரீலையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, கையைக் கன்னத்தில் வைத்துக் கேட்டார். இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும் என்றார். அவருக்கு அறுபது வயது. அந்த வயதில் பலருக்கு அந்த உச்சக் குரல் எட்டாது. எட்டாதது இல்லை என்று முடிவு கட்டத்தான் அவருக்கு மட்டும் தனித் தைரியம் இருந்தது. ஓரகத்தியையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, கோப்பில் ஏதோ ஊசி மாதிரி ஒன்று குறைகிறதுதான், ஆனால் அது இல்லாமல் கேட்கத்தான் காதுக்கு இதமாக இருக்கிறது என்றாள். அந்தக் குருவிக்கும் இப்படி ஒரு ஓரகத்தி இருந்திருக்க வேண்டும். கோபத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் பறவைக்காரரே வந்தார். அவர் வருவது அன்று காலைவரை யாருக்கும் தெரியாது. மியூசியத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன் ஒருதடவை கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். மூன்று மாடி ஏறி வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்கினார். ஒல்லியான மனிதர். இரண்டு காதிலும் காது மெஷின். மூத்தார் அவரைச் சோபாவில் உட்கார வைத்து, இது எங்கள் பாக்கியம் என்று ஆரம்பித்து, அந்தப் பாக்கியத்தைப் பத்து நிமிஷம் விவரித்தார். அவர் காது மெஷினின் பொத்தானை எதற்கோ தடவிக்கொண்டார். குறைத்துக்கொண்டாரோ என்று அவளுக்குச் சந்தேகம். அப்படியானால் புத்திசாலிதான்.

எந்த ரீல் வேண்டும் என்று கேட்டதற்கு, முந்நூறையும் விட்டுவிட்டு, "அந்த முள்புதர்" என்றார்.

கணவன் கோப்பைப் போட்டான். பழைய கோப்புதான், வேறு இன்னும் செய்யப்படவில்லை. பறவைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் குருவி கூவியபோது விரலை லேசாகத் தூக்கினார். இரண்டாவது பதில் சொன்னபோது இன்னொரு விரல். அப்புறம், ஒலியில் ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில், மூன்றாவது விரல் தூக்கி, தனக்குள் சிரித்துக்கொண்டார்.

அவர் ஸ்பீக்கரைக் கேட்கவில்லை, ஞாபகத்தைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தபோது, பார்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தரையைப் பார்த்தாள். தரையில் ஒன்றும் இல்லை.

முடிந்ததும் அவர் மூத்தாரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். மெஷினைப் பார்த்துக்கொள்வது இவள்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்பிரிட் வாசனையோ, வெறுங்கையோ, ஏதோ ஒன்று காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"மூணாவது ஒண்ணு கோவமா கத்திட்டு இருக்கும். எனக்கு அது எட்டி ஏழெட்டு வருஷம் ஆச்சும்மா. அது கத்துறது ரொம்ப அபூர்வம், அதுக்கப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்ல. உங்களுக்குக் கேக்குதுல்ல? உங்களுக்குக் கேட்டாப் போதும்."

அவள் வாயைத் திறக்குமுன் மூத்தார் முந்திக்கொண்டார். "ஜம்முனு கேக்குது சார். காதைக் கிழிக்குது."

பறவைக்காரர் அவர் சொன்னதைத் தலையசைத்து வாங்கிக்கொண்டு, மறுபடி இவளையே பார்த்தார். கணவன் கண்ணாடியைக் கழற்றினான். இல்லை சார் என்று இரண்டு சொல். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அவள் சொன்னதோ, "ரீல்ல நல்லாக் கேக்குது சார்." பொய் இல்லை. உண்மைபோல நேராகவும் நிற்கவில்லை. ரீலில் கேட்கிறது, ரீல் நாளைக்குக் காந்தப் பெட்டிக்குப் போகிறது என்பதில் பாதியை மட்டும் சொன்னாள். அவர் அதில் திருப்தியானார். நன்றி சொன்னார். கைப்பிடியைப் பிடித்துப் படிப்படியாக இறங்கிப் போனார்.

நடு அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அத்தான் செய்தால் பேராசை, கணவன் செய்தால் கோழைத்தனம், தான் செய்தால் மட்டும் நாசூக்கு. எவ்வளவு வசதியான அகராதி இது. இத்தனை வருஷம் மனதுக்குள்ளேயே எல்லாரையும் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டு, வெளியே "ம்" சொல்லி வந்தவளுக்கு, தான் இந்த வீட்டில் தனி ரகம் என்று ஓர் எண்ணம் இருந்தது. அந்தக் கிழவரின் பார்வைக்கு முன்னால் அது பத்து விநாடிகூட நிற்கவில்லை. அவளும் ஒரு பொய் உச்சியில்தான் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு ஓரகத்தி உள்ளே வந்தாள். கையில் ஒரு கட்டுத் தாள். பத்தொன்பது. மெஷின் பலகையில் இருந்த பஞ்சுக்குச்சி டப்பாவைத் தள்ளிவிட்டு அங்கே வைத்தாள். பின்னாலேயே மூத்தார். அவருக்குப் பின்னால், கதவுக்கு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், கணவன்.

ஒவ்வொரு தாளிலும் தேதி இருந்தது. துடைத்தாயிற்று, காந்தம் நீக்கியாயிற்று என்ற கட்டங்களில் சின்னச் சின்ன டிக். மூன்று சுருதிக்கும் எண்கள், பென்சிலில், ஓரகத்தியின் முத்து முத்தான கையெழுத்தில். பேனாவால் மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். எல்லா நாளும் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று, ஒரு நாள் கொஞ்சம் கூட்டி, ஒரு நாள் கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முள் சற்றுச் சோம்பலாக இருந்ததாகக்கூட எழுதியிருந்தாள். மெஷினைப் பார்த்து எழுதிய தன் சொந்தத் தாள்களில் இவள் ஒருநாளும் இவ்வளவு கற்பனை காட்டியதில்லை.

மூத்தார் நிதானமாகப் பேசினார். கத்தவில்லை, கத்தினால் அவளுக்கு வசதியாக இருக்கும் என்று தெரிந்து வைத்திருந்தார். பறவைக்காரரே நேரில் கேட்டுச் சரி என்று சொல்லிவிட்டாரே, அவருக்கு மேலே ஒரு சாட்சி உண்டா என்றார். மியூசியத்தில் அடுத்து ஆயிரம் ரீல் இருக்கிறது, வெள்ளிக்கிழமை சொல் தவறினால் வேறு இடத்துக்குப் போய்விடும் என்றார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றதும் ஒரு வார்த்தை கேட்காமல் பத்தொன்பது நாள் அனுப்பிவைத்த குடும்பம் இது என்று, அதை எப்போது இறக்க வேண்டுமோ அப்போது இறக்கினார்.

"யாருக்கும்மா நஷ்டம்? ஒரு குருவி. அதுவும் செத்து முப்பது வருஷம் ஆகியிருக்கும்."

அவள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற வீடு என்பதால், அவருக்கு நம்பிக்கை வந்தது. தம்பியை ஒரு பார்வை பார்த்தார். தம்பி உள்ளே வந்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மேல் தாளின்மேல் வைத்தான்.

"போட்டுக் குடுத்துடேன்," என்றான். "நம்ம ரெண்டு பேருக்கும் நிம்மதி. எனக்காக."

எனக்காக என்று அவன் அவளிடம் கேட்டு எத்தனை வருஷம் இருக்கும்? அவள் யோசித்துப் பார்த்தாள். கடைசியாகக் கேட்டது ஞாபகம் வரவில்லை. வேறு எதற்காவது கேட்டிருந்தால் இந்தச் சொல்லுக்கு அவள் உருகியிருப்பாள், அதுவும் உண்மை. அவன் முகத்தைப் பார்த்தாள். பயந்திருந்தான். அண்ணனிடம் பயம், அவளிடமும் பயம், நடுவில் நிற்கிற இடம் சுருங்கிக்கொண்டே வருகிறதே என்ற பயம். பாவமாக இருந்தது. பாவம் பார்த்துப் போடுகிற கையெழுத்துக்கு மை ஒன்றும் வேறு நிறமாக இருக்காது. மியூசியத்தில் யாரோ ஒரு குமாஸ்தா அதைப் பார்ப்பார், விதிப்படி எல்லாம் இருக்கிறது என்று நூற்றுப் பதினாறு ரீல்களைக் காந்தப் பெட்டிக்குள் தள்ளுவார். மிஞ்சப்போவது அவள் பெயர் மட்டும்தான், கீழே, வலது ஓரத்தில்.

பேனாவை எடுத்தாள். ஓரகத்தி மூச்சை விட்டாள். அவள் அதன் மூடியைத் தேடி, கணவனின் விரலிடுக்கில் இருந்ததை வாங்கி, மாட்டி, அவன் பைக்குள்ளேயே திரும்பச் செருகினாள். தாள்களை ஓரம் தட்டி ஒழுங்காக்கி, ஓரகத்தியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அந்தப் பத்தொன்பது நாளும் நான் இங்க இல்லைங்க," என்றாள். குரல் அவளுக்கே கொஞ்சம் புதிதாக இருந்தது. உயரவில்லை, நடுங்கவும் இல்லை. "இல்லாத நாளுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."